பிள்ளைக் காம்பராவும் வேன் ஸ்கூலும்

செல்வி, எப்படி இருக்கடி? திருப்பூர்ல வெயில் கொளுத்துதுன்னு எழுதியிருந்த, இங்க பந்தலூர்ல பத்து நாளா விடாத மழை, நேத்து ராத்திரி எஸ்டேட் லைன் வீடுங்களுக்கு பின்னாடி யானை வந்து வாழைய பூரா முடிச்சுட்டு போயிடுச்சு.

பேத்திய பால்வாடில விடவா, மருமக சொல்ற வேன் ஸ்கூல்லயே போடவான்னு கேட்டிருக்க. நான் பால்வாடி டீச்சர், வேற என்ன சொல்லிடப் போறேன்னு சிரிப்ப. கொஞ்சம் இரு.

ட்ரெயினிங்ல ஒரு மேடம் அமெரிக்கா கதை ஒண்ணு சொன்னாங்க. மிச்சிகன்ல இப்சிலாண்டின்னு ஊரு, 1962ல பெர்ரி ப்ரீஸ்கூல்னு ஆரம்பிச்சு ஏழை கறுப்பின வீட்டு பிள்ளைங்க 123 பேர்ல 58 பேர மட்டும் மூணு நாலு வயசுல சேர்த்துக்கிட்டாங்க, மிச்ச 65 பேர சேர்க்கல, அப்புறம் ரெண்டு கூட்டத்தையும் நாப்பது வயசு வரைக்கும் விடாம தேடிப்போய் விசாரிச்சிருக்காங்க. மொதல்ல புத்திக்கூர்மைய அளக்கிற ஐக்யூ மார்க் நல்லா ஏறுச்சாம், ரெண்டாவது மூணாவது போறதுக்குள்ள அந்த வித்தியாசமே காணாம போச்சாம். நம்மாளுங்களா இருந்தா அன்னிக்கே பூட்டியிருப்பாங்க. ஆனா நாப்பது வயசுல பாரு, போனவங்கள்ல நூத்துக்கு 77 பேர் ஹைஸ்கூல் முடிச்சிருக்காங்க, போகாதவங்கள்ல 60. அஞ்சு தடவையோ மேலயோ போலீஸ்ல மாட்டினது போனவங்கள்ல 36, போகாதவங்கள்ல 55. மார்க்ல தெரியாதது வாழ்க்கைல தெரிஞ்சிருக்கு. சின்ன கூட்டந்தான், அத வெச்சு ஊருக்கே சொல்லிட முடியாது.

எனக்கு மனசுல நின்னது வேற. காலைல ரெண்டரை மணி நேரந்தான் கிளாஸ், ஆனா டீச்சர் வாராவாரம் வீட்டுக்கே போய் ஒன்றரை மணி நேரம் அம்மாவோடயும் பிள்ளையோடயும் உக்காருவாங்களாம். எனக்கு நம்ம பிள்ளைக் காம்பரா ஆயா ஞாபகம் வந்துருச்சுடி, அம்மாங்க தேயிலைத் தோட்டத்துக்கு வேலைக்கு போனா பிள்ளைங்கள விட்டுட்டு போற எடமாச்சே அது. தொட்டில ஆட்டிக்கிட்டே இலங்கைல பதுளை ஊர்க் கதை சொல்லுமே, எந்த வீட்ல அப்பன் குடிச்சுட்டு வந்தான், எந்த வீட்ல அடுப்பு எரியலன்னு அதுக்கு தெரியாம இருக்காது, கொழுந்து எடுத்துட்டு அம்மாங்க வந்தா ரெண்டு வார்த்தை பேசாம பிள்ளைய கொடுக்காது. நானும் வீடு வீடாத்தான் போறேன், எடை போட்டு, உயரம் அளந்து, அத போன்ல ஏத்த டவர் தேடி மேட்டுல நிக்கிறதுக்கே நேரம் போயிடுது.

சும்மா கிளாஸ் இருந்தா போதும்னு இல்ல, அதையும் சொல்லிடறேன். அதே அமெரிக்கால டென்னசி மாநிலத்துல ப்ரீகேஜி போன ஏழைப் பிள்ளைங்க ஆறாவதுல போகாதவங்கள விட பின்தங்கி இருந்தாங்கன்னு 2022ல ஆய்வு வந்திருக்கு.

அதனால மருமககிட்ட மல்லுக்கு நிக்காத. ரெண்டு எடத்துலயும் ஒரு நாள் போய் வாசல்ல நில்லு, டீச்சர் பிள்ளைங்கள பேச விடுறாளா, வாயில விரல் வைக்க சொல்றாளான்னு பாரு, உம்பேத்தி வாயாடிக்கு எது சரின்னு உனக்கே தெரியும். பாத்துட்டு எழுது, வர்க்கி வாங்கி வெச்சிருக்கேன், தம்பி கோயமுத்தூர் வர்றப்ப கொடுத்து விடுறேன்.

உன்
மேரி