காலி கோட்டையில் உதவிய பெரியவருக்கு நன்றி

இலங்கையின் காலி நகரிலுள்ள கோட்டையின் பழைய வாசலருகே எங்கள் பிள்ளைகளுக்குக் கதை சொன்ன அந்தப் பெரியவருக்கு மனமார்ந்த நன்றி. பெயர் கேட்டோம்; சிரித்துக்கொண்டே தலையாட்டிவிட்டார்.

வாசலின் வெளிப்பக்கம் பிரித்தானிய அரச சின்னம் இருக்கிறது. அதைப் படம் பிடித்துவிட்டுக் கிளம்ப இருந்தோம். "உள்ளுக்குப் போய்த் திரும்பிப் பாருங்க" என்றார். மேலே டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் முத்திரை, இருபுறமும் சிங்கங்கள், உச்சியில் ஒரு சேவல், 1669 என்ற ஆண்டு! சின்னவள் அந்தச் சேவலை விட்டு நகர மறுத்துவிட்டாள்.

அப்புறம் வெயில் தாழ்ந்ததும் மதில்மேல் கலங்கரை விளக்கம் வரை கூடவே நடந்தார். தடுப்புச் சுவர் இல்லாத இடங்களில் பிள்ளைகளின் கையை விடவே இல்லை. பெற்றவர்களுக்குத்தான் தெரியும் அது எவ்வளவு பெரிய உதவி என்று.

போகிற வழியில், 1911-ல் காலியில் கிடைத்த கல்வெட்டைப் பற்றிச் சொன்னார். சீனத் தளபதி செங் ஹே கொண்டுவந்தது, 1409-ஆம் ஆண்டுக்குரியது. சீனம், பாரசீகத்தோடு நம் தமிழும் அதில் இருக்கிறது. இப்போது கொழும்பு தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறதாம். மூத்தவன் அதைப் பார்த்தே ஆகவேண்டும் என்கிறான், கட்டாயம் கூட்டிப்போவோம்.

ஐயா, நீங்கள் நீண்ட காலம் நலமாக இருக்க வேண்டும்.