விவால்டி படம் போடுகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழில் மேற்கத்திய இசை பற்றிப் புத்தகம் போடுகிற, கட்டுரை எழுதுகிற, காணொளி தயாரிக்கிற எல்லோருக்கும் வணக்கம்.

இத்தாலிய இசையமைப்பாளர் விவால்டி பற்றி எது வந்தாலும் முகப்பில் ஒரே முகம்தான் நிற்கிறது. சிவப்பு மேலங்கி, தலையில் பொய்முடி, கையில் வயலின். இத்தாலியில் பொலோன்யா நகரத்து இசை அருங்காட்சியகத்தில் இருக்கும் எண்ணெய் வண்ண ஓவியம் அது. நல்ல ஓவியம், அதில் சந்தேகமில்லை. ஆனால் அதன் கீழே 'அந்தோனியோ விவால்டி (1678–1741)' என்று நீங்கள் உறுதியாக அச்சடிப்பதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

அந்த ஓவியத்தில் பெயர் இல்லை. வரைந்தவர் யார் என்பதும் தெரியாது. 1938இல் பிரான்செஸ்கோ வதியெல்லி என்ற இசை ஆய்வாளர் இது விவால்டியாக இருக்கலாம் என்றார். பொய்முடிக்கு அடியில் செம்பட்டை முடி எட்டிப் பார்க்கிறது என்று சிலர் சேர்த்துச் சொன்னார்கள். விவால்டிக்குச் சிவந்த முடி என்பது உண்மைதான். ஆனால் வயலினும் வாசித்து இசையும் அமைத்தவர்கள் அந்தக் கால இத்தாலியில் எத்தனையோ பேர். 'இருக்கலாம்' என்றது காலப்போக்கில் 'இவர்தான்' ஆகிவிட்டது. புதிதாக ஒரு சான்று கிடைத்து அப்படி ஆகவில்லை, திரும்பத் திரும்ப அச்சானதால்தான் ஆனது.

சரி, விவால்டியின் முகம் நமக்குக் கிடைக்கவே கிடைக்காதா? கிடைத்திருக்கிறது. வத்திக்கான் நூலகத்தில் ஒரு சின்னக் கோட்டோவியம் இருக்கிறது. ரோமில் வாழ்ந்த பியர் லியோனே கெட்ஸி பேனாவும் மையும் கொண்டு வரைந்தது. ஊருக்கு வந்துபோகும் பாடகர், இசைக்கலைஞர், பாதிரியார், பிரபு என யாரையும் விடாமல் கேலிச்சித்திரமாக வரைந்து தள்ளியவர் அவர். வரைந்த கையோடு ஆள் யார் என்று கீழே எழுதியும் வைப்பார். இந்தப் படத்தில் இருப்பது பக்கவாட்டு முகம். முதலில் கண்ணில் படுவது அந்தப் பெரிய மூக்குதான். சுருள்சுருளாக இறங்கும் முடி, நெருக்கமான மெல்லிய கோடுகள்.

கீழே கெட்ஸி எழுதியதிலும் 'விவால்டி' என்ற பெயர் கிடையாது. 'சிவப்புப் பாதிரி, இசையமைப்பாளர், 1723இல் கப்ரானிக்காவில் ஓபரா (இசை நாடகம்) போட்டவர்' என்கிற பொருளில் ஒரே ஒரு வரி. ஆனால் அந்த வரியை ஒவ்வொரு துண்டாக எடுத்துப் பாருங்கள். விவால்டி 1703இல் பாதிரியாராகத் திருநிலை பெற்றவர். முடியின் நிறத்தால் அவருக்கு ஒட்டிக்கொண்ட பட்டப்பெயர்தான் சிவப்புப் பாதிரி. கப்ரானிக்கா என்பது ரோமில் இருந்த அரங்கம். 1723 ஜனவரியில் அங்கே மேடையேறியது அவருடைய 'எர்கொலே சுல் தெர்மொதோந்தே' என்ற ஓபரா. பட்டப்பெயர், தொழில், இடம், ஆண்டு என்று நான்கும் போய்ச் சேருவது ஒரே ஆளிடம். படத்தில் இருப்பவர் யார் என்று கண்டுபிடிப்பது என்றால் இதுதான். மூக்கும் தாடையும் பொருந்துகின்றனவா என்று பார்ப்பதெல்லாம் அப்புறம்.

1725இல் லா காவ் என்பவர் செதுக்கிய விவால்டி படம் ஒன்றும் உண்டு. அவருடைய புகழ்பெற்ற 'நான்கு பருவங்கள்' அடங்கிய இசைத் தொகுப்பு ஆம்ஸ்டர்டாமில் வெளியான அதே ஆண்டு. அதில் லத்தீனில் பெயரே இருக்கிறது. அதையும் தாராளமாகப் போடலாம்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். பொலோன்யா ஓவியம் 18ஆம் நூற்றாண்டில் மார்த்தினி என்ற துறவி திரட்டிய தொகுப்பைச் சேர்ந்தது. அதே தொகுப்பில் 1777இல் தீட்டிய இசையமைப்பாளர் மொசார்ட்டின் படமும் இருக்கிறது. அதில் பெயர் எழுதியிருக்கிறது. போதாததற்கு அப்பா லியோபோல்ட் மொசார்ட், கலையாக இதற்குப் பெரிய மதிப்பில்லை, ஆனால் சாயல் அப்படியே இருக்கிறது என்று மார்த்தினிக்குக் கடிதமே எழுதினார். ஒரே தொகுப்பில் ஒன்றுக்கு இவ்வளவு சான்று, இன்னொன்றுக்கு எதுவுமில்லை. இரண்டையும் ஒரே மாதிரி உறுதியோடு எப்படி அச்சிட முடியும்?

முகச்சாயலை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்கும் மொசார்ட்டே உதாரணம். எட்லிங்கர் என்ற ஓவியர் வரைந்து பெர்லினில் இருக்கும் ஓவியம் ஒன்றை, இந்த 1777 படத்தோடு கணினியில் ஒப்பிட்டு, கடைசிக் கால மொசார்ட் இவர்தான் என்று 2005 வாக்கில் பெரிதாகச் செய்தி வந்தது. பிறகு மியூனிக் ஆவணக் காப்பாளர் ரிச்சர்ட் பவுவர், அது ஜோசப் ஸ்டைனர் என்ற உள்ளூர் வணிகர் என்று காட்டினார். விவால்டி விஷயத்தில் ஆபத்து இன்னும் அதிகம். நாளைக்கு வேறொரு பழைய படம் கிடைத்தால், பெயர் தெரியாத இந்த வயலின்காரரோடுதான் அதை ஒப்பிடுவார்கள். இப்போதே செயற்கை நுண்ணறிவை வைத்து அவரைக் கண்சிமிட்ட வைத்து, 'விவால்டி உயிரோடு வந்தால்' என்று பரப்புகிறார்கள். பிள்ளைகள் மனதில் பதிவது அந்த முகம்தான்.

அதனால் கேட்கிறேன். பொலோன்யா ஓவியத்தைப் போட்டே ஆக வேண்டுமென்றால், 'விவால்டி என்று கருதப்படும் வயலின் கலைஞர், வரைந்தவர் தெரியவில்லை' என்று படக்குறிப்பு எழுதுங்கள். முகப்பில் கெட்ஸியின் கோட்டோவியத்தைப் போடுங்கள். அவர் எழுதிய வரியையும் வெட்டிவிடாமல் தமிழில் சேர்த்துக் கொடுங்கள். பழைய பதிப்பை மறுஅச்சுக்கு அனுப்பும்போது இந்த ஒரு குறிப்பையாவது மாற்றுங்கள். காணொளி என்றால் விவரக்குறிப்பில் இன்றைக்கே மாற்றிவிடலாம்.

அன்புடன்,
உங்கள் வாசகர்களில் ஒருவர்