பில் இல்லாத ஏலக்காய் வேண்டாம்

குமுளி

அன்பு மகன் முத்துவுக்கு,

கோவைக் கடைக்கு ஜிஎஸ்டி எண் வந்துவிட்டது என்று நீ சொன்னதில் ரொம்ப சந்தோஷம். அதே போனில், ஒரு வியாபாரி பில் இல்லாமல் தரும் ஏலக்காயை வாங்கலாமா என்று நீ கேட்டதற்கு "வேண்டாம்" என்று மட்டும் சொல்லிவிட்டேன். ஏன் வேண்டாம் என்பதைக் கணக்குப் போட்டுக் காட்டினால்தான் நீ கேட்பாய், அதனால் எழுதுகிறேன்.

கிலோ 2,000 ரூபாய்க் காயை, வரியோடு வரும் விலையிலிருந்து 60 ரூபாய் குறைத்து, பில் இல்லாமல் கேரள எல்லையில் உள்ள கம்பம்மெட்டு மலைப்பாதை வழியாக இறக்கித் தருகிறேன், பில் தேவைப்பட்டால் வேறொரு பெயரில் தனியாக வாங்கித் தருகிறேன் என்று அந்த ஆள் சொன்னார் அல்லவா? இதில் இரண்டு தனித்தனிக் குற்றம் இருக்கிறது. சரக்கு இருக்கிறது, பில் இல்லை என்பது ஒன்று. பில் இருக்கிறது, சரக்கு இல்லை என்பது மற்றொன்று. முதலாவதைச் செய்தவர் கணக்கைச் சரிக்கட்ட இரண்டாவதுக்குப் போயே ஆகவேண்டும்.

ஏலக்காய்க்கு வரி 5 சதவீதம். 2,000 ரூபாய்க்கு 100 ரூபாய். அவர் உனக்கு 60 விட்டுக்கொடுத்து 40-ஐ வைத்துக்கொள்கிறார். அந்த 100 அவருடையதும் இல்லை, உன்னுடையதும் இல்லை. நீ பில்லோடு வாங்கினால் கட்டிய 100-ஐ இன்புட்டாக, அதாவது நீ கட்டவேண்டிய வரியில் கழித்துக்கொள்ளும் தொகையாக, எடுத்துக்கொள்வாய். விற்கும்போது வாங்குபவரிடம் வரி வாங்கி, இன்புட் போக மீதியைக் கட்டுவாய். கடைசியில் அரைக்கால் கிலோ வாங்கிப் பாயசத்துக்குப் போடுகிற வீட்டுக்காரர்தான் முழு வரியையும் தருகிறார். ஒழுங்காகத் தொழில் செய்கிற மொத்த வியாபாரிக்கு இந்த வரி ஒரு செலவே கிடையாது. ஏய்க்கிறவர் எடுப்பது அந்த வீட்டுக்காரர் ஏற்கெனவே கொடுத்துவிட்ட பணத்தை.

மலைச் சரக்கில் இது சுலபமாக நடப்பதற்குக் காரணம் உண்டு. சொந்தத் தோட்டத்துக் காயை விற்கும் விவசாயிக்கு ஜிஎஸ்டி பதிவு தேவையில்லை. அப்படி இருப்பதுதான் நியாயமும். ஆனால் அதனால் வரி தொடங்கும் இடமே முதல் வியாபாரியின் கடையாகிவிடுகிறது. அவர் எழுதாமல் விட்டால் அதற்கு மேலே தேடிப் பார்க்க ஒரு காகிதமும் இருக்காது. அந்த மூட்டை போடிக்கோ கோவைக்கோ டெல்லிக்கோ போகும் வரை அது இருப்பதே யாருக்கும் தெரியாது.

இப்போது உன் பக்கம் பார். பில் இல்லாமல் வாங்கிய 500 கிலோவை உன் ஸ்டாக்கில் ஏற்ற முடியாது. ஏற்றாத சரக்குக்கு விற்பனை பில்லும் போட முடியாது. இனிப்புக் கடை, மசாலா கம்பெனி, பெரிய ஓட்டல் எல்லாம் இன்புட்டுக்காகப் பில் கேட்பவர்கள், அவர்கள் உன்னிடம் வரமாட்டார்கள். வரி பில் இல்லாமல் வெறும் விலை எழுதிய எஸ்டிமேட் சீட்டு போதும் என்பவர்கள்தான் மிச்சம். அவர்கள் ரொக்கமாகத் தருவார்கள். ஒரே விற்பனைக்கு 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால், வாங்கியவருக்கு அதே அளவு அபராதம் என்று வருமான வரிச் சட்டம் சொல்கிறது.

அங்கேதான் அந்த "வேறு பெயர் பில்" வருகிறது. 10 லட்சத்துக்குப் பில், 50,000 இன்புட். கமிஷன் போக 30,000 உனக்கு மிச்சம் என்று வைத்துக்கொள். பில் கொடுத்தவர் வரி கட்டவே மாட்டார். சில மாதத்தில் அந்தப் பதிவையே இலாகா ரத்து செய்யும், பிறகு அதில் பில் வாங்கிய அத்தனை பேருக்கும் கடிதம் போகும். மோசடி என்று முடிவானால் 50,000 வரி, வருடத்துக்கு 18 சதவீத வட்டி, வரிக்குச் சமமான அபராதம். இரண்டு வருடம் கழித்து வந்தால் 50,000 + 18,000 + 50,000, ஆக 1,18,000. நோட்டீஸுக்கு முன்னாலேயே நீயாகப் போய்க் கட்டினால் அபராதம் 15 சதவீதத்தோடு போகும். ஆண்டுக் கணக்கு தாக்கல் செய்யும் கடைசித் தேதியிலிருந்து 42 மாதம் வரை நோட்டீஸ் வரலாம் என்பதால், ஒன்றும் வரவில்லையே என்று ஒரு வருடத்தில் நிம்மதி அடைய முடியாது. ஏய்த்த வரி 5 கோடிக்கு மேல் போனால் ஜாமீன் இல்லாத குற்றம், 5 வருடம் வரை சிறை.

இன்னொன்றும் உண்டு, இதுதான் எனக்கு மனசு ஆறாதது. அந்தப் போலிப் பதிவு யார் பெயரில் இருக்கும் தெரியுமா? லோன் வாங்கித் தருகிறேன் என்று ஆதார், பான், கரண்ட் பில் வாங்கிக்கொண்டுபோன யாரோ ஒரு தோட்டத் தொழிலாளி பெயரில் இருக்கும். கோடிக்கணக்கில் வரி பாக்கி என்று நோட்டீஸ் வந்து நிற்பது அவர் குடியிருக்கும் தோட்ட லயத்து வீட்டு வாசலில். ஜிஎஸ்டி தளத்தில் பான் எண்ணைப் போட்டுத் தேடினால் அதன் பேரில் எத்தனை பதிவு இருக்கிறது என்று யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். உன் கடையில் வேலைக்கு வருபவர்களுக்கு இதைச் செய்து காட்டு.

ஊருக்கு என்ன ஆகிறது என்று கேட்டாயே. கிலோவுக்கு 60 ரூபாய் குறைத்து விற்பவர் பக்கத்தில் பில் போட்டு விற்பவர் நிற்கவே முடியாது. ஒன்று அவரும் எஸ்டிமேட் சீட்டுக்கு மாறுவார், இல்லை கடையை மூடுவார். விவசாயிக்கும் இதில் நல்லது இல்லை. இருபது முப்பது ரூபாய் கூடக் கிடைக்கிறது என்று காயைத் தோட்டத்திலேயே கொடுத்துவிடுகிறார். பணம் பாக்கி விழுந்தால் எடைச் சீட்டு கூட இல்லாமல் யாரிடம் போய் முறையிடுவார்? புற்றடியிலும் போடியிலும் நடக்கும் ஸ்பைசஸ் போர்டு (மத்திய அரசின் நறுமணப் பொருள் வாரியம்) மின் ஏலத்தில் விழும் விலையைப் பார்த்துத்தான் மலை முழுக்க விலை பேசுகிறார்கள். சரக்கு ஏலத்துக்கு வராமல் இரவில் மெட்டு இறங்கினால், மிச்ச சரக்கை வைத்து விழுந்த விலைதான் எல்லோருக்கும்.

சரக்கு மாநிலம் விட்டு மாநிலம் போனால் வரி நஷ்டம் கேரளாவுக்குத்தானே என்றும் சொன்னாய். அப்படி இல்லை. வெளிமாநில விற்பனைக்குப் போடும் ஐஜிஎஸ்டியில் மாநிலப் பங்கு சரக்கு செலவாகும் மாநிலத்துக்குப் போகிறது. இங்கே கேரளாவில் விளைந்த காய் கோவையில் செலவானால் அந்தப் பங்கு தமிழ்நாட்டுக்கு. பில் இல்லையென்றால் எந்த மாநிலத்துக்கும் இல்லை. அப்படிக் குறையும் வரவை அரசு ஏய்க்க முடியாத இடத்தில்தான் வாங்கும். 2018 வெள்ளத்துக்குப் பிறகு கேரளாவில் 2019 ஆகஸ்ட் முதல் இரண்டு வருடம் வெள்ள செஸ் என்று கூடுதல் வரி வைத்தார்கள், பல பொருள்களுக்கு 1 சதவீதம். பில் போட்டு வாங்கியவர்கள் கட்டினார்கள். சமூகப் பாதுகாப்பு நிதிக்கு என்று 2023 ஏப்ரல் முதல் பெட்ரோல், டீசலுக்கு லிட்டருக்கு 2 ரூபாய். அதை ஜீப் ஓட்டுகிறவரும் கட்டுகிறார், அந்த ஜீப்பில் தோட்ட வேலைக்குப் போகிறவரும் கட்டுகிறார்.

சரி, நீ செய்யவேண்டியது. வெளிமாநிலத்துக்கு ஒரு மூட்டை விற்றாலும் பதிவு கட்டாயம், வருட விற்பனை 40 லட்சம் வரை பதிவு வேண்டாம் என்ற வரம்பெல்லாம் அதற்குக் கிடையாது. சிறு வியாபாரிகளுக்கான குறைந்த வரித் திட்டமான காம்போசிஷனுக்குப் போனால் கேரளப் பக்கம் விற்கவே முடியாது, அதனால் அந்த யோசனை வேண்டாம். புதிதாக ஒருவரிடம் வாங்கும் முன் அவருடைய 15 இலக்க ஜிஎஸ்டி எண்ணைப் பார். முதல் இரண்டு இலக்கம் கேரளா என்றால் 32, தமிழ்நாடு என்றால் 33. அடுத்த பத்து அவருடைய பான். அதைத் தளத்தில் போட்டு, பெயரும் முகவரியும் பில்லில் உள்ளதுதானா, பதிவு நடப்பில் இருக்கிறதா, வரிக் கணக்கான 3பி தவறாமல் தாக்கல் ஆகியிருக்கிறதா என்று பார். ஏலக்காய் விற்பவர் பதிவில் சிமெண்ட், இரும்பு என்று இருந்தால் விட்டுவிடு.

சரக்கு வண்டியில் போகும்போது கூடவே இருக்கவேண்டிய இ-வே பில் 50,000-க்கு மேல் வேண்டும், அது வரியையும் சேர்த்த மதிப்பு. 25 கிலோ காயே 52,500 வந்துவிடும். தோட்டத்து ஜீப்பிலிருந்து குமுளியில் லாரிக்கு மாற்றினால் இ-வே பில்லின் இரண்டாம் பகுதியான பார்ட்-பியில் வண்டி எண்ணையும் மாற்றவேண்டும். நல்ல பில் இருந்தும் பலர் மாட்டுவது இதில்தான். இ-வே பில் 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்ற கணக்கில் செல்லுபடியாகும். ஒரே இ-வே பில்லில் இரண்டு நடை அடிக்கச் சொல்லும் டிரைவரை வைத்துக்கொள்ளாதே. 2017 ஜூலையோடு வரிச் சோதனைச்சாவடி போய்விட்டது உண்மைதான், ஆனால் வரி இலாகா ஸ்குவாட் எங்கும் நிறுத்தும், ஃபாஸ்டாக் விவரமும் அவர்களிடம் இருக்கிறது. பிடிபட்டால் வரியைப்போல் இரண்டு மடங்கு, அதாவது 10 லட்சம் சரக்குக்கு 1 லட்சம். சரக்கு என்னுடையது என்று யாரும் முன்வராவிட்டால் பாதி மதிப்பு, 5 லட்சம்.

உனக்கு விற்றவர்கள் ஏற்றிய பில்களைக் காட்டும் 2பி பட்டியல் மாதம் 14-ஆம் தேதி ஜிஎஸ்டி தளத்தில் வரும். நீ வாங்கிய ஒவ்வொரு பில்லும் அதில் இருக்கிறதா என்று எண்ணையும் தொகையையும் ஒத்துப் பார். விற்பவரோடு பேசும்போதே சரக்குப் பணம் உடனே, வரிப் பணம் 2பியில் வந்த பிறகு என்று சொல்லிவிடு. நேர்மையானவர் ஒத்துக்கொள்வார். ஆனால் முழுப் பணமும் 180 நாளுக்குள் போய்விடவேண்டும், இல்லையென்றால் எடுத்த இன்புட்டைத் திருப்ப நேரும். உனக்குத் தெரியாத பில் ஏதாவது உன் எண்ணில் ஏறியிருந்தால் பில்லை ஏற்கவோ மறுக்கவோ அதே தளத்தில் உள்ள ஐஎம்எஸ்ஸில் உடனே ரிஜெக்ட் செய், பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதே.

முதல் மாத 2பியை எனக்கு அனுப்பு, உட்கார்ந்து பார்த்துச் சொல்கிறேன். அந்த ஆளிடம் இன்றைக்கே மறுத்துச் சொல்லிவிடு, அய்யா.

அன்புடன்,
அம்மா