ரேயால்பில் வழிகாட்டிய பெரியவருக்கு

சுவிட்சர்லாந்தின் ஃபூர்க்கா கணவாய்ச் சாலை பனியால் திடீரென மூடப்பட்டிருந்தது. எங்களைப் பார்க்க வந்திருந்த நண்பர்களோடு தடுப்புக்கு முன்னால் விழித்து நின்றபோது, டிராக்டரை நிறுத்திவிட்டு வந்து பேசிய பெரியவரே, உங்களுக்கு நன்றி. காரையே ரயிலில் ஏற்றி மலைக்கு அடியில் போகலாம் என்று நீங்கள் சொன்னதை நண்பர்கள் வேடிக்கை என்றுதான் நினைத்தார்கள். 1982இல் திறக்கப்பட்ட, 15.4 கிலோமீட்டர் சுரங்கப்பாதை! டிராக்டரிலேயே நிலையம் வரை முன்னால் சென்று வழிகாட்டினீர்கள். பெயர் கேட்பதற்குள் கிளம்பிவிட்டீர்கள். (பின்னால் ஊர்ந்து வந்த வண்டிக்காரர்களின் பொறுமைக்கும் நன்றி.) மறுமுனையில், ஓபர்வால்டில் நல்ல வெயில். கோம்ஸ் பள்ளத்தாக்கின் கருத்த மரவீடுகளைப் பார்த்தபடி மாலை வரை திரிந்தோம். கணவாய்ச் சாலையிலிருந்து தெரியும் ரோன் பனியாற்றைக் காட்ட முடியவில்லையே என்று எனக்குத்தான் வருத்தம். நண்பர்களோ, காருக்குள் உட்கார்ந்தபடி ரயிலில் போன கதையைத்தான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.