உந்த டெக்கை அனுப்பாதே, தம்பி

அன்பு மகனுக்கு,

நேற்று வைபரில் நீ கதைத்தபோது உன் பக்கம் பிள்ளைகளின் சத்தம், இந்தப் பக்கம் அம்மாவின் சீரியல் சத்தம், நான் சொன்னதில் பாதிதான் உனக்கு விளங்கியிருக்கும். அதுதான் ஆறுதலாக இருந்து எழுதுகிறேன். எங்கள் கலியாண வீடியோக் கசெற்றைப் போட்டுப் பார்க்க, அங்கே யாரோ பழைய வீடியோ டெக் ஒன்றை 90 டொலருக்கு விற்கிறார்கள், வாங்கிக் கப்பல் பெட்டிக்குள் போட்டுவிடவா என்று கேட்டாய். வேண்டாம் ராசா. உந்த டெக் இங்கே ஒன்றுக்கும் உதவாது.

முதலாவது கரண்ட். அங்கே 120 வோல்ட், இங்கே 230. பெரியம்மா வீட்டுக்குக் கனடாவில் இருந்து வந்த மிக்சி ஒரு சம்பல்கூட அரைக்காமல் புகைந்துபோனது ஞாபகம் இருக்கும். சரி, ஒரு ட்ரான்ஸ்போமர் வைத்துச் சமாளிக்கலாம் என்று வை, படம் வராதே. அந்த நாட்டு ரீவிப் பட முறை என்ரிஎஸ்சி, எங்களுடையது பால் (குடிக்கிற பால் இல்லை). எங்கள் படத்துக்கு 625 கோடு, விநாடிக்கு 25 படம். அங்கே 525 கோடு, கிட்டத்தட்ட 30 படம். நாடா ஓடுகிற வேகமும் வேறு. கசெற்றின் அளவு ஒன்றென்பதால் அது உள்ளே போய் இருந்துகொள்ளும், போட்டால் படம் உருண்டு உருண்டு கிழியும். அவ்வளவுதான்.

இங்கே நான் வாங்கின டெக்கில் நடந்தது என்னுடைய அவசரம், அதை ஒளிக்க மாட்டேன். ரவுணில் ஒரு கடையில் 18,000 ரூபாய் கொடுத்து எடுத்தேன். கடைக்காரப் பொடியன் வயரைச் செருகினான், நீலத் திரை வந்தது, “வேலை செய்யுது ஐயா” என்றான், நானும் தலையை ஆட்டினேன். நீலத் திரை வந்தால் டெக்குக்கு உயிர் இருக்கிறது என்று மட்டும்தான் அர்த்தம், நாடா ஓடும் என்று இல்லை. கையோடு ஒரு கசெற் கொண்டுபோய், முழுக்க முன்னுக்கு ஓடவிட்டு, பின்னுக்குச் சுற்றி, ஐந்து நிமிடம் ரெக்கோட் பண்ணி, பதிந்ததைத் திருப்பிப் போட்டுப் பார்த்திருக்க வேண்டும். முப்பது வருடம் பிள்ளைகளுக்குப் பரிசோதனை செய்து காட்டின விஞ்ஞான வாத்தியாருக்கு அது அந்த நேரம் தோன்றவில்லை பார். ஒன்பதாம் நாள் பழுதானது. திருப்பிக் கொண்டுபோனேன், “பழைய சாமான்தானே ஐயா” என்றார்கள். பில்லில் ஒன்றும் எழுதி வாங்கவில்லை, பேசாமல் வந்துவிட்டேன்.

நல்ல காலம், எங்கள் கலியாணக் கசெற்றை நான் முதலில் போடவில்லை. ஒரு பழைய படக் கசெற்றைத்தான் போட்டேன். பத்து நிமிடம் ஓடியது, பிறகு ‘கிர்ர்’ என்று ஒரு சத்தம், இழுத்து எடுத்தால் நாடா இடியப்பம்போல வந்தது.

கொக்குவிலில் ஒருவர் வீட்டோடு ரீவி, றேடியோ திருத்துகிறார், என்னிலும் நாலைந்து வயது கூட. பக்கத்தில் கதிரை போட்டு இருத்தித்தான் மூடியைக் கழற்றினார். அடியில் ஒரு மெல்லிய றப்பர் பெல்ட். விரலால் தொட்டுக் காட்டினார், கறுப்பு மைபோல விரலில் ஒட்டியது. இரண்டு ரீலுக்கும் நடுவில் ஒரு சின்னச் சில்லு இருக்கிறது, ஐட்லர் என்கிறார்கள், போடும்போது ஒரு ரீலிலும் திருப்பிச் சுற்றும்போது மற்ற ரீலிலும் சாய்ந்து அதுதான் சுற்றிவிடும். அதன் றப்பர் காய்ந்து, தேய்ந்த செருப்பின் அடிமாதிரி மினுங்கிக்கொண்டு கிடந்தது. பிடிப்பில்லாததால் ரீல் சுற்றவில்லை, இந்தப் பக்கத்தாலோ நாடா வந்துகொண்டே இருக்கும், போக இடமில்லாமல் உள்ளே குவிந்து சிக்கிக்கொள்ளும். என் பிழை, கடைக்காரன் பிழை என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான், அந்த றப்பருக்கு வயது போய்விட்டது.

பிறகு ஹெட், நாடாவில் இருக்கிற படத்தை வாசிக்கிற பகுதி. அது இருக்கிறது சாய்ந்து நிற்கிற வெள்ளி உருளையில், உருளை படம் ஓடும்போது நிமிடத்துக்கு 1500 சுற்றுச் சுற்றுமாம். ஐசோபுரொப்பைல் அற்ககோலில் மெல்லிய தோல்துண்டை நனைத்து உருளையில் வைத்து, தோலை அசைக்காமல் உருளையை மட்டும் கையால் மெதுவாகத் திருப்பினார். மேலும் கீழும் தேய்த்தால் ஹெட்டின் நுனி உடைந்துவிடும், காது குடைகிற பஞ்சால் துடைத்தால் நார் மாட்டிக்கொள்ளும் என்று அதட்டினார், நான் ஏதோ துடைக்கப்போனதுபோல. தோல் கறுத்துப்போய் வந்தது.

இதைத்தான் உனக்குச் சொல்ல வந்தேன். இனிப் புது டெக் எங்கும் கிடையாது. கடைசிவரை செய்துகொண்டிருந்த ஃபுனாய் என்கிற ஜப்பான் கம்பனி 2016 ஜூலையில் நிறுத்திவிட்டது. நீ லண்டனில் சித்தப்பாவைக் கொண்டு பால் டெக் வாங்கினாலும் அதற்குள்ளும் இதே வயதுப் பெல்ட்தான் இருக்கும். அதைவிட, என்ன வருத்தம் என்று தெரிந்த இந்தக் கிழட்டு டெக்குக்கே வைத்தியம் பார்க்கலாம். கூலி 6,500 சொன்னார், ஓம் என்றுவிட்டேன்.

கசெற்றைப் பற்றியும் ஒன்று, அம்மாவுக்குச் சொல்லாதே. ரோச் அடித்துப் பார்த்தேன், கண்ணாடி வழியே நாடாச் சுற்றின் ஓரத்தில் வெள்ளையாய்ப் பூஞ்சணம். 1995 ஒக்டோபர் 30 இரவு யாழ்ப்பாணத்தைவிட்டு இடம்பெயர்ந்து நாவற்குழிப் பாலத்தால் போகும்போது காணி உறுதிகளோடு உரப்பைக்குள் இதையும் கொண்டுபோனது அம்மாதான், நான் டெக்கைத் தூக்கப் பார்த்து ஏச்சு வாங்கினேன். திரும்பி வர டெக் இல்லை, கசெற் இருந்தது. 2003இல் பக்கத்து வீட்டில் ஒருதரம் போட்டுப் பார்த்தோம், நீ கிரிக்கெட் என்று ஓடிவிட்டாய். உன் அப்பப்பா பந்தலுக்குள் நின்று வீடியோக்காரரை “வயரை எடு தம்பி, ஆக்கள் தடக்கி விழப்போகுதுகள்” என்று சத்தம் போடுவார். அவருடைய குரல் எங்களிடம் அதில் மட்டும்தான் இருக்கிறது.

பூஞ்சணத்தோடு போட்டால் அது ஹெட்டிலும் ஒட்டும், அடுத்த கசெற்றுக்கும் தொற்றும். முதலில் ஈரம் போகக் காயவேண்டுமாம். பிஸ்கட் ரின்னுக்குள், சப்பாத்துப் பெட்டிகளில் வருகிற சிலிக்கா ஜெல் பைகளோடு வைத்திருக்கிறேன். பிறகு அவரே தன்னுடைய கழிவு டெக் ஒன்றில் சுற்றித் துடைத்துத் தருவார்.

நீ செய்யவேண்டியது இவ்வளவுதான். டெக்கின் பின்பக்க இலக்கத்தைப் படமெடுத்து வைபரில் அனுப்பியிருக்கிறேன், அதற்குரிய பெல்ட்டும் ஐட்லர் றப்பரும் தேடிப் பார், ஒரு கடித உறைக்குள் வரும். கொம்பியூட்டருக்குப் படத்தை ஏற்றுகிற யூஎஸ்பி குச்சி ஒன்றும் வேண்டும், பால் எடுக்குமா என்று பெட்டியில் வாசித்துவிட்டு வாங்கு. கசெற்றின் உறையில் ஈ-180 என்று இருக்கிறது, மூன்று மணித்தியாலம், ஏற்றவும் மூன்று மணித்தியாலம் பிடிக்கும். கரண்ட் போகாத நாளாகப் பார்த்துச் செய்வோம்.

பொடியனுக்கு இருமல் சுகமா? குளிருக்குள் வெளியே விடாதே.

அன்புடன்,
அப்பா