மெழுகில் மிச்சம் வையுங்கள்

உறுப்பு மாற்று நிராகரிப்பை வகைப்படுத்தும் பான்ஃப் குழுவினருக்கு,

வணக்கம். நான் மருத்துவர் அல்ல. நோயியல் ஆய்வகத்தில் பயாப்ஸியை, அதாவது ஊசியால் எடுத்த திசுத் துண்டை, மெழுகில் பதித்து பிளாக்காக்கி, மைக்ரோடோம் என்ற சீவும் கருவியில் மெல்லிய செக்‌ஷன் எடுத்து, சாயமேற்றி ஸ்லைடாகக் கொடுக்கும் டெக்னீஷியன். நீங்கள் எழுதும் விதிகள் என் மேஜைக்கு "இன்னும் நாலு ஸ்லைடு வேண்டும்" என்றுதான் வந்து சேரும். அப்படி வந்து சேராத ஒரு விதியைப் பற்றியது இந்த மடல்: மரபணுச் சோதனைக்கு முதலிலேயே திசுவை ஒதுக்கி வைக்கும் விதி.

சில காலம் முன்பு ஒரு மாற்றுச் சிறுநீரகத்தின் பயாப்ஸி வந்தது. தந்துகிகளுக்குள் வெள்ளணுக்கள் அடைத்துக்கொண்டிருந்தன. பார்த்த உடனே ஆன்டிபாடியால் வந்த நிராகரிப்போ, அதாவது உடலே மாற்று உறுப்பைத் தாக்குகிறதோ, என்று சந்தேகம் வரும் தோற்றம். ஆனால் ஆன்டிபாடித் தாக்குதலின் தடயமான சி4டிக்குப் போட்ட சாயம் பிடிக்கவில்லை. கொடையாளரின் செல்களில் உள்ள அடையாளப் புரதமான எச்.எல்.ஏ.வுக்கு எதிரான ஆன்டிபாடியும் இரத்தத்தில் தென்படவில்லை. நோயியல் மருத்துவர் இரண்டு நாள் யோசித்துவிட்டு, "மரபணு வெளிப்பாட்டுச் சோதனைக்கு அனுப்பலாமா?" என்று கேட்டார். பிளாக்கைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினேன். வெறும் மெழுகு. திசு எல்லாம் ஸ்லைடுகளில் போய்விட்டது.

அப்புறம்தான் நான் படிக்கத் தொடங்கினேன். ஆன்டிபாடி, மாற்று உறுப்பின் இரத்தக்குழாய் உட்சுவரில் போய் ஒட்டுகிறது. ஒட்டிய இடத்தில் இரத்தத்தில் உள்ள காம்ப்ளிமென்ட் என்ற எதிர்ப்புப் புரதங்கள் வேலை செய்திருந்தால் அதன் தடயம்தான் சி4டி. ஆனால் காம்ப்ளிமென்ட் இல்லாமலும் கெடுதல் நடக்கும். இயற்கைக் கொல்லி அணுக்கள் என்ற வெள்ளணுக்கள் தங்கள் மேலுள்ள சிடி16 என்ற கைப்பிடியால் ஆன்டிபாடியின் வாலைப் பிடித்துக்கொண்டு உட்சுவரைத் தாக்கும். அங்கே சி4டி படியாது. சாயம் போட்டுப் பார்த்துக் காத்திருந்து பயனில்லை. ஆனால் தாக்கப்படும் செல்கள் சும்மா இருப்பதில்லை. எந்தெந்த மரபணுக்களை முடுக்கிவிட்டன என்பது ஆர்.என்.ஏ.வாகத் திசுவிலேயே பதிந்திருக்கும். கனடாவின் எட்மன்டன் ஆய்வாளர்கள் 2009-ல் காட்டியது இதைத்தான்: இரத்தத்தில் ஆன்டிபாடி உள்ளவர்களின் பயாப்ஸியில் உட்சுவர் செல்களின் மரபணுக்கள் உயர்ந்திருந்தால், சி4டி இல்லாவிட்டாலும் ஆன்டிபாடி அங்கே வேலை செய்துகொண்டிருக்கிறது என்று பொருள்.

நீங்கள் அதைக் கண்டுகொள்ளாமல் விடவில்லை. 2013 கூட்டத்தில் சி4டி இல்லாத ஆன்டிபாடி நிராகரிப்பை ஏற்றீர்கள். உட்சுவர் காயத்தைக் காட்டும் மரபணு வெளிப்பாட்டையும், முறையாகச் சரிபார்க்கப்பட்டதாக இருந்தால், ஆதாரங்களில் ஒன்றாகச் சேர்த்தீர்கள். 2019 கூட்டத்தையொட்டி 770 மரபணுக்கள் கொண்ட பட்டியலும் வந்துவிட்டது, அதுவும் பாரஃபின் (மெழுகு) பிளாக்கிலிருந்தே எண்ணக்கூடியதாக. எனக்கு மிகவும் பிடித்த செய்தி அதுதான். திசு கெடாமல் இருக்கப் போடும் ஃபார்மலினில் ஊறிய திசுவில் ஆர்.என்.ஏ. துண்டு துண்டாகிக் கிடக்கும். இந்த முறையோ அதைப் பெருக்காமல் நேரடியாக எண்ணுகிறது. நூறு எழுத்து நீளத் துண்டு முழுதாக இருந்தால் போதும். பழைய பிளாக்குகளுக்கும் வாய் திறக்க வழி கிடைத்தது.

ஆனால் பேசுவதற்குத் திசு வேண்டுமே! ஊசியில் வருவது ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் தடிமனில் நூல் மாதிரி ஒன்று. அதில் பத்து குளோமருலஸும் (இரத்தத்தை வடிக்கும் நுண்குழாய் முடிச்சுகள்) இரண்டு தமனியும் இருக்க வேண்டும் என்பது உங்கள் கணக்கு. பிறகு சாயங்கள்: எச்&இ, பாஸ், வெள்ளிச் சாயம், ட்ரைக்ரோம், சி4டி, பாலியோமா வைரஸுக்கு ஒன்று. செக்‌ஷன் ஒவ்வொன்றும் இரண்டு மூன்று மைக்ரான்தான். உண்மையில் திசுவைத் தின்பது சாயங்கள் அல்ல. பிளாக்கைக் கழற்றிவிட்டு இன்னொரு நாள் மறுபடி ஏற்றினால், பழைய கோணம் அப்படியே கிடைக்காது. பிளாக்கின் வெட்டு முகத்தைச் சமப்படுத்துவதற்கே பல செக்‌ஷன்கள் குப்பைக்குப் போகும். "இன்னும் நாலு ஸ்லைடு" என்று மூன்று முறை கேட்டால், கொடுத்த பன்னிரண்டைவிட வீணானது அதிகமாக இருக்கும். இது ஸ்லைடைப் பார்ப்பவர்களுக்குத் தெரியாது, எங்களுக்குத் தெரியும்.

அதனால் கேட்கிறேன். முதல் நாளே, முதல் முறை பிளாக்கை ஏற்றும்போதே, சாயங்களுக்கான செக்‌ஷன்களோடு மரபணுச் சோதனைக்கும் சில சுருள்களைத் தடிமனாகச் சீவி, சுத்தமான குழாயில் போட்டுக் குளிரில் வைக்க வேண்டும் என்று விதியிலேயே எழுதுங்கள். எத்தனை சுருள், எந்தத் தடிமன், எத்தனை நாள் வரை வைக்கலாம் என்று எண்ணாகச் சொல்லுங்கள். ஒவ்வொரு முறையும் பிளேடு மாற்ற வேண்டுமா என்பதையும் சொல்லிவிடுங்கள். நாங்கள் சண்டை போட்டுக்கொள்வதே அதில்தான். மரபணு வெளிப்பாட்டைச் சில்லில் பார்க்கும் மைக்ரோஅரே முறைக்கு என்றால் திசுவின் ஒரு சிறு துண்டு ஃபார்மலினில் விழும் முன்பே வேறு திரவத்தில் போக வேண்டும். அந்த முடிவை ஊசி போடும் அறையில் எடுத்தாக வேண்டும், என் மேஜையில் எடுக்க முடியாது.

நுண்ணோக்கியை மூடிவைக்கச் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். இன்டர்ஃபெரான் என்ற எதிர்ப்புச் சமிக்ஞைப் புரதத்தால் உயரும் மரபணுக்கள், டி-செல் என்ற வெள்ளணுக்கள் தாக்கும் நிராகரிப்பிலும் உயரும், பாலியோமா வைரஸ் தொற்றிலும் உயரும். செல்லைக் கொல்லும் புரதமான கிரானுலைசினின் மரபணு கொல்லி அணுக்களுக்கு மட்டுமே சொந்தமானதும் அல்ல. ஒரு மரபணுவை வைத்துத் தீர்ப்பெழுத முடியாது. பல சேர்ந்த கோலத்தைத்தான் படிக்க வேண்டும், அதுவும் ஸ்லைடைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு. எந்த அளவைத் தாண்டினால் 'ஆம்' என்று சொல்வது என்ற சண்டை உங்களுக்குள் இருப்பது தெரியும். அதை நீங்கள் முடிக்கும்வரை திசு காத்திருக்க வேண்டும் அல்லவா?

2022 கூட்டத்தில் சி4டியும் இல்லாமல் ஆன்டிபாடியும் தென்படாமல் வரும் தந்துகி அழற்சிக்குத் தனி இடம் கொடுத்தீர்கள். நான் சொன்ன பயாப்ஸி இன்று வந்தால் அந்தப் பெட்டிக்குள்தான் போகும். பெயர் கிடைத்துவிட்டது, சரி. சிகிச்சைதான் கேள்வி. டி-செல் நிராகரிப்புக்கு ஸ்டீராய்டு, ஆன்டிபாடிக்குப் பிளாஸ்மா மாற்றம் என்று வழிகள் பிரிகின்றன. 2024-ல் வெளியான ஃபெல்சார்டமாப் என்ற மருந்தின் சோதனையில், பின்தொடர் பயாப்ஸி பார்க்கப்பட்டவர்களில் மருந்து பெற்ற 11 பேரில் 9 பேருக்கும், போலி மருந்து பெற்ற 10 பேரில் 2 பேருக்கும் ஆன்டிபாடி நிராகரிப்பின் அடையாளங்கள் திசுவிலிருந்து மறைந்தன. சிறிய சோதனைதான். மருந்தை நிறுத்தியபின் சிலருக்குத் திரும்பியும் வந்தது. ஆனாலும் இதற்கு ஒன்றும் செய்ய முடியாது என்று கைவிரித்த காலம் மாறத் தொடங்கியிருக்கிறது. அந்தச் சோதனையிலும் திசுவின் மரபணு வெளிப்பாட்டைப் பார்த்திருக்கிறார்கள். பார்க்கத் திசுவை முதலிலேயே எடுத்து வைத்திருந்தார்கள்.

அடுத்த அறிக்கையில் எனக்கு ஒரு வரி போதும். அதுவரை, யாரும் கேட்காவிட்டாலும், மாற்றுச் சிறுநீரக பயாப்ஸி ஒவ்வொன்றிலும் நான்கு சுருள்களை நானே ஒதுக்கி வைத்து வருகிறேன். நான்கு சரியான எண்ணா என்று சொல்லுங்கள்.

இப்படிக்கு,
மைக்ரோடோம் மேஜையிலிருந்து ஒரு டெக்னீஷியன்