மெர்டேக்காவைப் பார்க்காமல் திரும்பிய ஹாக்கி அணி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மலேசியா, சிங்கப்பூர், இலங்கை என்று சென்னைப் பள்ளிகளின் விளையாட்டு அணிகள் வெளிநாடு போய் வருகின்றன. கடன் வாங்கியாவது அனுப்பும் பெற்றோர் உண்டு. என் பேரனும் பள்ளி ஹாக்கி அணியோடு கோலாலம்பூர் போய் வந்தான். ஆட்டங்களைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. ஊர் சுற்றிப் பார்க்க ஒதுக்கிய அந்த ஒரு நாளைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

அன்றைய திட்டம் முழுவதையும் பயண ஏற்பாட்டாளரிடம் விட்டிருக்கிறார்கள். காலையிலேயே அறையைக் காலி செய்து பெட்டிகளை பஸ்ஸில் ஏற்றியாயிற்று. ஒரு சாக்லேட் கடை, இரட்டைக் கோபுரத்தின் முன் படம், பக்கத்து மாலில் பாதி நாள், அப்புறம் நேராக விமான நிலையம். பத்துமலைக்குக்கூட நேரமில்லையாம்.

ஹாக்கி ஆடும் பிள்ளைகள் அந்த ஊரில் முதலில் பார்க்க வேண்டியது மெர்டேக்கா ஸ்டேடியம். 1957 ஆகஸ்ட் 31 அன்று மலாயாவின் விடுதலை அறிவிக்கப்பட்டது அங்கேதான். 1975 மார்ச் 15 அன்று உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் பாகிஸ்தானை 2-1 என்று நாம் வென்றதும் அங்கேதான். முதல் கோல் அவர்கள் போட்டது. சுர்ஜித் சிங் சமன் செய்தார். தியான்சந்தின் மகன் அசோக் குமார் வெற்றி கோலை அடித்தார். ஆண்கள் ஹாக்கியில் நாம் உலகக் கோப்பையைத் தூக்கியது அந்த ஒரு முறைதான். அந்த அணியில் தமிழ்நாட்டு வீரர் வி.ஜே.பிலிப்ஸ் இருந்தார் என்பது எழும்பூர் மைதானத்தில் பயிற்சி எடுக்கும் எத்தனை பிள்ளைகளுக்குத் தெரியும்? கோச் பிள்ளைகளை மெர்டேக்கா மைதானத்தின் வாசலில் நிறுத்திப் பத்து நிமிடம் சொல்லியிருந்தால் போதும், ஆயுசுக்கும் மறந்திருக்க மாட்டார்கள்.

போவதும் சிரமமில்லை. மெர்டேக்கா என்ற பெயரிலேயே மெட்ரோ நிலையம் இருக்கிறது. 118 மாடிக் கோபுரம் பக்கத்திலேயே நிற்பதால் வழி தேட வேண்டியதும் இல்லை.

பத்துமலை விஷயத்தில் கோச்சுகளின் தயக்கம் நியாயமானது. மறுநாள் ஆட்டம் இருக்கும்போது 272 படி ஏறச் சொல்ல முடியாது. சரி, அதைக் கடைசி ஆட்டத்துக்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம். மைதானத்தை நடுவில் வரும் ஓய்வு நாளில் பார்த்துவிடலாம். அதற்கு ஓர் இரவு கூடத் தங்க வேண்டுமென்றால், அந்தச் செலவைத் தர மறுக்கும் பெற்றோர் அதிகம் இருக்க மாட்டார்கள் என்றே நினைக்கிறேன்.

இங்கே ஆட வரும் வெளிநாட்டுப் பிள்ளைகளையும் மாலுக்குக் கூட்டிப்போய் முடித்துவிடக் கூடாது. எழும்பூர் ஹாக்கி மைதானத்திலிருந்து அருங்காட்சியகம் கூப்பிடு தூரம். 1851-ல் தொடங்கியது, சோழர் காலச் செப்புத் திருமேனிகளும் அமராவதிச் சிற்பங்களும் அங்கே இருக்கின்றன. வெள்ளிக்கிழமை விடுமுறை என்பதை மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பள்ளிகளிடம் நான் கேட்பது இதுதான். பணம் கட்டச் சொல்லி அனுப்பும் சுற்றறிக்கையிலேயே, ஆட்ட அட்டவணையோடு சுற்றிப் பார்க்கும் நாளின் திட்டத்தையும் அச்சிடுங்கள். அதை ஏற்பாட்டாளர் எழுத வேண்டாம். உடற்கல்வி ஆசிரியரும் பிள்ளைகளும் உட்கார்ந்து எழுதட்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
புரசைவாக்கம், சென்னை.